கென்யாவில் குடிமக்கள் இதழியலும் அமைதி முயற்சியும்

செய்தி நிறுவனங்களைச் சாராத பொதுமக்கள், தாம் கண்டதையும் கேட்டதையும் கைப்பேசி, வலைப்பதிவு, சமூக ஊடகம் வழியாகத் தாமே பதிந்து பரப்புவது குடிமக்கள் இதழியல் எனப்படும். போரோ கலவரமோ மூண்ட நாடுகளில் பத்திரிகைகள் முடக்கப்படும்போதும், தாமாகவே வாயை மூடிக்கொள்ளும்போதும் இதன் தேவை பெருகுகிறது. இதை ஆராய்வோர் பெரும்பாலும் கென்யாவிலிருந்துதான் தொடங்குவார்கள். 2007 இறுதியில் அங்கு வெடித்த தேர்தல் வன்முறையின்போது உருவான ‘உஷாஹிடி’ இணையதளம் பின்னர் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது.

பின்னணி

2007 டிசம்பர் 27 அன்று நடந்த அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் ரைலா ஒடிங்கா தொடக்கத்தில் முன்னிலையில் இருந்தார். வாக்கு எண்ணிக்கை இழுத்தடிக்கப்பட்டது. 30ஆம் தேதி மாலை, பதவியில் இருந்த முவாய் கிபாகியே வென்றார் என்று அரசு ஒளிபரப்பு நிறுவனத்தின் வழியாக மட்டும் அறிவித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் பதவியேற்பும் முடிந்துவிட்டது. அன்றே நேரலை ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்தது.

நிலப் பங்கீட்டை ஒட்டிப் பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த இனக்குழுப் பகை உடனே தீப்பற்றியது. 2008 ஜனவரி 1 அன்று எல்டொரெட் நகருக்கு அருகே கியாம்பாவில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த, கிபாகியின் இனக்குழுவான கிகுயூ மக்களை உள்ளே வைத்துக் கொளுத்தினார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். நைவாஷா, நகுரு நகரங்களில் பழிவாங்கும் தாக்குதல்கள் நடந்தன. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டிலும் பலர் மாண்டனர். பின்னர் விசாரித்த வாக்கி ஆணையம், 1,133 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. மூன்றரை லட்சம் பேர் வீடிழந்தனர்.

ஒரே கருவி, இரு வேலை

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. மக்கள் கையில் இருந்த கைப்பேசிதான் வெறுப்பையும் பரப்பியது. இன்ன இனத்தாரை அடியுங்கள், விரட்டுங்கள் என்ற குறுஞ்செய்திகள் கைமாறிக் கைமாறிப் பெருகின. தாய்மொழி வானொலி நிலையங்கள் சிலவற்றில் நேயர்கள் தொலைபேசி வழியே வசைமாரி பொழிந்தார்கள். அரசு குறுஞ்செய்திச் சேவையையே நிறுத்திவிட எண்ணியது. சஃபாரிகாம் கைப்பேசிச் சேவை நிறுவனத் தலைவர் மைக்கேல் ஜோசப் அதைத் தடுத்து, தம் வாடிக்கையாளர்களான 90 லட்சம் பேருக்கும் அமைதி வேண்டி ஒரு செய்தி அனுப்பினார். சேவை நிறுத்தப்படாததால், நைரோபியின் கிபெரா சேரியில் சிக்கிக்கொண்டவர்களுக்கு உறவினர்கள் கைப்பேசி வழியே பணமும் பேச்சுநேரமும் அனுப்ப முடிந்தது.

கென்யர்கள் பெருமளவில் கூடிய ‘மஷாடா’ என்ற இணைய விவாதத் தளத்தை நடத்திவந்தவர் டேவிட் கோபியா. கலவர நாள்களில் அங்கே இனவெறிப் பேச்சு எல்லை மீறியது. நெறிப்படுத்த இயலாத நிலையில் ஜனவரியில் தளத்தையே மூடினார். அதற்குப் பதிலாக, ‘எனக்கு இனக்குழு இல்லை’ என்ற பெயரில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தார். இதே கோபியாதான் உஷாஹிடியின் நிரலையும் எழுதினார். மக்கள் பேச்சை அப்படியே திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

உஷாஹிடியின் தோற்றம்

2008 ஜனவரி 3 அன்று கென்யாவின் முன்னணி நாளிதழ்கள் எல்லாம் ‘நம் அன்புக்குரிய நாட்டைக் காப்போம்’ என்ற ஒரே தலைப்பை முதல் பக்கத்தில் வெளியிட்டன. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எந்த ஊரில் யாரை யார் தாக்கினார்கள் என்பதை அவை பூசி மெழுகின. இனக்குழுப் பெயரைச் சொன்னால் தீ பரவும் என்று அஞ்சி, ‘ஒரு சமூகத்தார்’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொண்டன. அதே ஜனவரி 3 அன்று, வழக்கறிஞரும் வலைப்பதிவருமான ஓரி ஒகொல்லோ தம் பதிவில் ஒரு கோரிக்கை வைத்தார்: வன்முறையும் அழிவும் எங்கெங்கே நடக்கின்றன என்பதைக் கூகுள் வரைபடத்தில் குறித்துக் காட்ட யாராவது வழி செய்ய முடியுமா?

நாடாளுமன்ற உறுப்பினர்களின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் ‘முசலெண்டோ’ தளத்தைத் தொடங்கியவர்களில் ஒகொல்லோவும் ஒருவர். தேர்தலுக்காக நைரோபி வந்திருந்தவர், தமக்கு வந்த தகவல்களைச் சரிபார்த்துப் பதிவேற்றிக் களைத்துப்போயிருந்தார். வலைப்பதிவர்களும் நிரலாளர்களுமான எரிக் ஹெர்ஸ்மன், டேவிட் கோபியா, ஜூலியானா ரோடிச் முதலியோர் கைகொடுத்தார்கள். அந்த ஜனவரியிலேயே தளம் இயங்கத் தொடங்கியது. சுவாஹிலி மொழியில் ‘சாட்சியம்’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்கள்.

செயல்முறை எளியது. குறுஞ்செய்தியாகவோ இணையப் படிவத்திலோ ஒருவர் தகவல் அனுப்புவார். வந்த தகவலைத் தொண்டர்கள் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளிடமும் பிற செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிறகு இடமும் நேரமும் குறித்து வரைபடத்தில் புள்ளியாக ஏற்றுவார்கள். கலவரம், சாவு, கொள்ளை, பாலியல் வன்முறை, சொத்து அழிவு என்று வகை பிரித்திருந்தார்கள். அமைதி முயற்சிகளுக்கும் தனி வகை இருந்தது. அண்டை வீட்டாரைக் காத்தவர்களும் சமாதானக் கூட்டம் நடத்தியவர்களும் அதே வரைபடத்தில் இடம்பெற்றார்கள் என்பது சிறிய விஷயமல்ல.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் பின்னர் நாளிதழ்ச் செய்திகளையும் வலைப்பதிவுகளையும் உஷாஹிடி தகவல்களையும் ஒப்பிட்டார்கள். பத்திரிகைகள் கவனிக்காத வன்முறை நிகழ்வுகள் பல உஷாஹிடியில் பதிவாகியிருந்தன. அவை பரந்த நிலப்பரப்பிலிருந்தும் வந்திருந்தன.

தகவலிலிருந்து நடவடிக்கைக்கு

வரைபடத்தில் புள்ளி வைப்பதால் மட்டும் ஓர் உயிரும் காப்பாற்றப்படுவதில்லை. உஷாஹிடியின் தொடக்ககாலக் குறை இதுதான். தகவல் கொடுத்தவருக்கு உதவி போய்ச் சேர வழி இல்லை. அந்த இடைவெளியை அடைக்க முயன்றது ‘பீஸ்நெட்’ என்ற கென்ய அமைப்பு. ஆக்ஸ்ஃபாம் துணையுடன் நைரோபியில் ஒரு குறுஞ்செய்தி மையம் அமைத்து, மோதல் மூளும் அறிகுறி பற்றிய தகவல்களைப் பெற்று அந்தந்த ஊர் அமைதிக் குழுக்களுக்கு உடனே தெரிவித்தது. புகைப்படக் கலைஞர் போனிஃபேஸ் முவாங்கி வேறொரு பாதையில் போனார். தாமும் பிற செய்திப் படக்கலைஞர்களும் எடுத்த கலவரப் படங்களை ‘பிச்சா மிட்டானி’ என்ற தெருக் கண்காட்சியாக ஊர் ஊராகக் கொண்டுசென்றார். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தெருவில் நின்று அவற்றைப் பார்த்தார்கள்.

ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் சமரசத்தால் 2008 பிப்ரவரி 28 அன்று இரு தரப்பும் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2010இல் புதிய அரசமைப்புக்கான வாக்கெடுப்பின்போது ‘உச்சாகுசி’ என்ற தேர்தல் கண்காணிப்புத் தளம் உஷாஹிடி மென்பொருளில் இயங்கியது. அரசு வரைபடங்களில் காடாகக் குறிக்கப்பட்டிருந்த கிபெராவின் சந்துகளையும் குழாயடிகளையும் 2009இல் அங்குள்ள இளைஞர்களே அளந்து வரைபடமாக்கினார்கள். அவர்களில் சிலர் காணொளிச் செய்தியாளர்களாகவும் ஆனார்கள்.

2013: அமைதியா, மௌனமா?

2013 மார்ச் 4 தேர்தலுக்கு முன்பே பெரும் ஆயத்தம் நடந்தது. ‘சிசி நி அமானி’ அமைப்பு, சஃபாரிகாம் இலவசமாக அளித்த 5 கோடி குறுஞ்செய்திகளைப் பயன்படுத்தும் உரிமையுடன், பதற்றமான பகுதிகளுக்கு அமைதிச் செய்திகளை அனுப்பியது. ‘உமாதி’ என்ற ஆய்வுத் திட்டம் ஆங்கிலம், சுவாஹிலி, கிகுயூ, லூவோ, காலெஞ்சின் உள்ளிட்ட மொழிகளில் இணையத்தில் எழுந்த வெறுப்புப் பேச்சைக் கண்காணித்தது. ட்விட்டரில் யாராவது வெறுப்பைக் கக்கினால் மற்ற பயனர்களே கண்டித்து அடக்கியதை அது பதிவுசெய்தது.

2008 போன்ற படுகொலை நடக்கவில்லை. ஆனால் விலை இருந்தது. வாக்காளரை அடையாளம் காணும் மின்னணுக் கருவிகள் பல இடங்களில் பழுதானபோதும், முடிவுகளை அனுப்பும் முறை நிலைகுலைந்தபோதும், பெரிய ஊடகங்கள் துருவிக் கேட்கத் தயங்கின. கேள்வி கேட்டவர்களை அமைதியைக் குலைப்பவர்கள் என்று ஏசினார்கள். அமைதி வேண்டும் என்ற சொல்லே வாய்ப்பூட்டாகிவிடும் ஆபத்தை இத்தேர்தல் காட்டியது. குறையைச் சொல்ல இடமில்லாத இடத்தில் பகை அடங்கியிருக்குமே தவிர ஆறாது. குடிமக்கள் இதழியல் அமைதிக்குச் செய்யும் பெரிய உதவி, நடந்ததை நடந்தபடி சரிபார்த்துச் சொல்வதுதான். அறிவுரை அதற்கு அடுத்தபடி.

பரவல்

உஷாஹிடி திறமூல மென்பொருளாக வெளியானதால் காங்கோ, காசா, ஹைட்டி, சிரியா எனப் பல நாடுகளில் பயன்பட்டது. 2009இல் இந்திய நாடாளுமன்றத் தேர்தலைக் கண்காணிக்கவும் உதவியது. எங்கும் அதே சிக்கல்கள் தொடர்ந்தன: பொய்த் தகவல் நுழையும், சரிபார்க்க ஆள் போதாது, தகவல் தந்தவரை ஆயுதம் ஏந்தியோர் கண்டுபிடிக்கக்கூடும். கடைசிச் சிக்கல் மற்ற இரண்டையும்விடக் கொடியது.

கென்யாவில் 2007இல் மூடிய அறைக்குள் நடந்த வாக்குக் கூட்டல் கழித்தல், 2022 ஆகஸ்ட் 9 தேர்தலில் வெளிச்சத்துக்கு வந்தது. 46,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்களைத் தேர்தல் ஆணையம் இணையத்தில் வெளியிட்டது. விரும்பியவர்கள் தாமே கூட்டிப் பார்த்தார்கள். தோற்ற ஒடிங்கா உச்ச நீதிமன்றம் சென்றார். செப்டம்பர் 5 அன்று நீதிமன்றம் முடிவை உறுதிசெய்தது. நாடு மீண்டும் 2008க்குத் திரும்பவில்லை.