கை படாத கரகம்

நிலக்கோட்டை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் கரகாட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தொலைவிலிருந்து பார்க்கையில் கரகம் அசையாமல் நிற்பதாகவே தோன்றும். அருகில் சென்றால்தான் உண்மை விளங்கும்: ஆடுபவரின் கழுத்து ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. கரகம் சாயத் தொடங்கும் கணத்திலேயே திருத்தம் நிகழ்ந்துவிடுகிறது. கையால் தொடுவது வழக்கமில்லை. அணுக்கரு இணைவு ஆய்வின் வரலாற்றை வாசிக்கும்போது நம் நினைவுக்கு வருவது இக்காட்சியே.

1955இல் ஜெனீவாவில் கூடிய அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இணைவு ஆற்றலைக் கட்டுப்பாடான முறையில் பெறும் வழி இருபது ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று கணித்தார். எழுபது ஆண்டுகள் கடந்தும் இணைவு மின்சாரம் நம் வீடுகளுக்கு வரவில்லை. அன்று 'ஆற்றல்' என்ற சொல்லே அனைவரையும் ஈர்த்தது. 'கட்டுப்பாடான' என்ற சொல்லின் கனம் பின்னரே புரிந்தது.

சூரியனுக்குள் நிகழும் இணைவைப் பூமியில் நிகழ்த்தப் பத்துக் கோடி டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் பொருள் பிளாஸ்மாவாகிவிடும். அதைச் சுவரில் படாமல் காந்தப்புலத்தால் மிதக்கவிடுவதற்குச் சோவியத் அறிஞர்கள் உருவாக்கிய வளையக் கலமே டோகமாக். அவ்வளையத்தில் மின்னோட்டம் பாய்ந்ததும் பிளாஸ்மா வெளிநோக்கி விரியப் பார்க்கும். அதை உள்ளே தள்ளும் காந்தப்புலம் சற்று மிகுந்தாலோ உட்சுவரில் மோதும். பிளாஸ்மாவை உயரவாக்கில் நீட்டினால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் சிறிது மேலே நகர்ந்தாலும் மேலும் மேலே இழுபடும். கலத்தின் உலோகச் சுவரில் தூண்டப்படும் மின்னோட்டங்கள் அந்நகர்வைச் சில மில்லி விநாடிகள் தாமதப்படுத்துகின்றன. அதற்குள் உணரிகள் இடமாற்றத்தை அளக்க வேண்டும். காந்தச் சுருள்களின் மின்னோட்டம் மாற வேண்டும். இதுவே பின்னூட்டக் கட்டுப்பாடு. காலம் தவறிய திருத்தம் சாய்வை மிகுவிக்கும் என்பது கரகம் சுமப்பவர் அறிந்ததே.

இந்தியாவில் இப்பாடம் பயிலப்பட்ட இடங்களுள் ஒன்று காந்திநகர். அங்குள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில், பிரதிமன் காவ் தலைமையில், உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 'ஆதித்யா' 1989இல் இயங்கத் தொடங்கியது. வளையத்தின் ஆரம் வெறும் 75 சென்டிமீட்டர். பிளாஸ்மா நிலைத்ததோ விநாடியின் சிறு பகுதி. பின்னர் புதுப்பிக்கப்பட்ட ஆதித்யாவில் பிளாஸ்மாவின் பக்கவாட்டு நகர்வைப் பின்னூட்டத்தால் திருத்தும் முறை அமைக்கப்பட்டது. மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்.எஸ்.டி.-1, 2013இல் முதல் பிளாஸ்மாவைக் கண்டது.

2022இல் வேறொரு திருப்பம். சுவிட்சர்லாந்தின் டி.சி.வி. டோகமாக்கில் 19 காந்தச் சுருள்களைச் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று இயக்கியது. விநாடிக்குப் பத்தாயிரம் திருத்தங்கள்.

வெப்பத்தில் எட்டிய உயரங்களையே செய்திகள் கொண்டாடுகின்றன. பாபாவின் கணிப்பு பிந்தியதற்குச் சோம்பல் காரணமன்று. நொடிக்கு நொடி திருத்தக் கற்பதற்குத் தலைமுறைகள் தேவைப்பட்டன. அடுத்த திருவிழாவில் கரகத்தைப் பார்க்கும்போது, பூவலங்காரத்தை விட்டு ஆடுபவரின் கழுத்தைக் கவனிப்போம்.