காவலும் ஈடும்

ஆலங்குடிப் பக்கம் 'காவல்' என்றால் இன்றைக்கு ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். போலீஸுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது நேற்றைய கதை. சொல்லோ சங்க காலத்தது. அரசனையே காவலன் என்றார்கள். வேர் 'கா'. காவல், காப்பு, காப்பாளர் எல்லாம் அதன் கிளைகள். குழந்தையின் கையில் போடும் வளையம் காப்பு. திருவிழாவுக்குக் கட்டும் மஞ்சள் கயிறும் காப்பு. கைதிக்கு மாட்டும் விலங்கையும் பேச்சில் காப்பு என்றே சொல்கிறோம். அரவணைப்பதும் பூட்டுவதும் ஒரே பெயரில் இருப்பது சற்று உறுத்துகிறது.

இந்தச் சொல்லுக்குப் புதுக்கோட்டை மண்ணில் இன்னொரு கனம் உண்டு. சமஸ்தான காலத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்றே தாலுகா. அந்த நிலப்பரப்பின் இடைக்காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வருகிறது. ஊரைக் காக்கும் உரிமை அது. ஊரார் கூடி அதை அரையர் என்ற உள்ளூர்த் தலைவர்களுக்கு விற்றும் கொடுத்தும் எழுதி வைத்தார்கள். காப்பவருக்கு விளைச்சலில் பங்கு. பின்னாளில் தமிழ்நாட்டின் தென்பகுதி முழுவதும் வழங்கிய காவல் முறையில் ஒரு நிபந்தனை இருந்தது. மாடோ நெல்லோ களவு போனால் காவற்காரர் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் அதன் விலையைத் தானே கட்ட வேண்டும். இந்த முறையில் அடாவடி நிறைய நடந்தது. களவு போனதை மீட்டுத் தரத் துப்புக்கூலி கேட்டவரே திருட்டுக்கும் உடந்தையாக இருந்தார் என்ற புகாரும் உண்டு. ஆனாலும் காவல் என்றால் ஈடு என்பதை யாரும் மறுக்கவில்லை.

அந்த ஈடு இப்போது 'நஷ்டஈடு' ஆகி நீதிமன்றத்தில் குடியிருக்கிறது. கூடவே 'அஜாக்கிரதை' என்றொரு சொல். ஜாக்கிரதை வடமொழியில் விழிப்பைக் குறிக்கும். ஆக, அஜாக்கிரதை விழித்திராமை. காவற்காரர் தூங்கிவிட்டார் என்பதே வழக்கின் சாரம்.

காவலிலிருந்து ஈட்டைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 விடியுமுன் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் இருந்த மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். பெயர் என்னவோ காப்பகம்தான். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

'காப்பாளர்' என்ற சொல்லும் மெல்ல உருமாறுகிறது. விடுதியில் அவர் வார்டன். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறொரு தொனியில் பேசுகிறது. வரம்புக்குட்பட்ட காப்பாளர் சம்பந்தப்பட்டவரோடு கலந்து, அவர் விருப்பத்துக்கு இசைந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

இதெல்லாம் சோதனைக்கு வருவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சுற்றுலாவில்தான். ஆலங்குடியிலிருந்து சித்தன்னவாசலுக்கு ஒரு சிறப்புப் பள்ளி வேன் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையில் படி, வழியெல்லாம் கண்மாய், தலைக்குமேல் வெயில். வலிப்பு மாத்திரை யார் பையில் இருக்கிறது? தண்ணீரைக் கண்டால் ஓடும் பிள்ளை எது? சக்கர நாற்காலி எதுவரை போகும்? இறங்கும்போது தலையை எண்ணினால் போதாது. ஏறும்போதும் எண்ண வேண்டும், எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்திருக்கவும் வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை. பயந்துபோய்ச் சுற்றுலாவையே நிறுத்திவிடும் பள்ளிகளை நான் பொறுப்பானவை என்று சொல்லமாட்டேன். அது விலங்குக் காப்பு.

'காத்திரு' என்பதும் அதே வேரில் முளைத்ததே. முப்பது படியில் பத்து முறை உட்காரும் பிள்ளையோடு தானும் உட்காரும் ஆயாதான் அகராதிப்படியே காவலர்.

புறப்படுமுன் சில இடங்களில் பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள்: எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல. பாடிகாவல் கேட்டு வந்த அரையர் இப்படியொரு ஓலையை நீட்டியிருந்தால், ஊரார் ஒரு மரக்கால் நெல்கூட அளந்திருக்க மாட்டார்கள்.