தாது ஆண்டின் அச்சம்

1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சேலம் மாவட்டத்து மக்கள் 19,66,995 பேர். 1881இல் அத்தொகை 15,99,595. நாமக்கல் அந்நாளில் சேலத்தின் ஒரு வட்டமே. இவ்விரு எண்களுக்கும் இடையில் கிடப்பது, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது ஆண்டுப் பஞ்சம். மாண்டவர் பலர், மண்ணை விட்டுப் பெயர்ந்தவரும் உளர்.

மழை பொய்த்தது உண்மை. ஆயினும் மழையின்மேல் மட்டும் பழிபோட்டுவிட்டு வரலாறு நகர்ந்துவிட இயலாது. 1877 சனவரியில் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவும் போதும் என்றார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஒன்றரை ராத்தலேனும் வேண்டுமென வாதிட்டார். கல்லுடைக்கும் மனிதனின் உயிர், அரை ராத்தலைப் பற்றிய கோப்புச் சண்டையாயிற்று.

செத்தவரை அரசு எண்ணியது. பிழைத்தவரின் நெஞ்சை எவர் எண்ணினார்? பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் கூலிக்கு வரிசையில் நின்ற தாய், அடுத்த ஆண்டு மழை பெய்தபோது அச்சம் நீங்கி உறங்கியிருப்பாளா?

அதிர்ச்சிக்கும் அச்சத்துக்கும் உள்ள உறவை மருத்துவம் காலந்தாழ்த்தியே கற்றது. முதல் உலகப்போரில் நடுங்கிய வீரர்களைக் கோழைகள் என்றவர்கள் பலர். 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைத் தன் நோய்ப்பட்டியலில் ஏற்றது. அதைப் பதற்ற நோய்களுள் ஒன்றாகவே முதலில் வைத்தது. 2013இல் தனிப் பிரிவாக்கியது. ஆபத்து கடந்துபோகும், உடலோ அது இன்னும் வாசலில் நிற்பதாகவே எண்ணிக் காவல் காக்கும். உறக்கம் கெடும், சிறு ஓசைக்கும் நெஞ்சு படபடக்கும்.

முன்னெச்சரிக்கை வேறு, இவ்வச்சம் வேறு. கேழ்வரகைக் குழியிலும் குதிரிலும் சேமிப்பது பஞ்சத்துக்கு முன்பே இங்கிருந்த அறிவு. குதிர் நிறைந்திருக்கையிலும் கை நடுங்குவதே அச்சம். 'பஞ்சத்து ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?' என்று நம்மவர் கேலியாகக் கேட்பதுண்டு. ஒரு பஞ்சம் போதும், அதன் அச்சம் பரம்பரையாவதற்கு என்பதை அக்கேலி அறியாது. அறுபதாண்டுச் சுழற்சியில் தாது 1936இலும் 1996இலும் மீண்டது. நாமக்கல் தனி மாவட்டமான 1997 சனவரி முதல் நாளும் தாது ஆண்டினுள்ளேயே விழுந்தது. அன்று அப்பெயரைக் கேட்டுத் துணுக்குற்றவர் அரிது. ஆண்டின் பெயர் மறந்தாலும், சோறு சிந்தினால் சினந்தெழும் வழக்கம் சில வீடுகளில் மறையவில்லை.

விடுதலைப் பயண நூலில், மறுநாளுக்கென மன்னாவை ஒளித்து வைத்தோரின் பங்கில் புழு நெளிந்தது. மறையுரைகளில் அதை அவிசுவாசம் என்கிறோம். அவர்கள் எகிப்தின் சூளையில் வெந்தவர்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். 'கவலைப்படாதே, கடவுளை நம்பு' என்று பதறும் ஒருவரிடம் சொல்லுமுன், அவர் எதைக் கடந்து வந்தார் என்று கேட்கும் பொறுமை நம் பங்குகளில் எத்தனை பேருக்கு உண்டு? சீன் பாலைநிலத்தில் மோசே சினங்கொண்டார். ஆண்டவரோ மறுநாள் காலையிலும் மன்னாவைப் பொழிந்தார்.