அமெரிக்க நெடுஞ்சாலைக் காவல் கார்கள்

அமெரிக்காவில் மாநிலக் காவல் படைகளும் ஷெரிஃப் அலுவலகங்களும் நகரக் காவல் துறைகளும் சாலை ரோந்துக்கு ஓட்டும் கார்கள் 'போலீஸ் பேக்கேஜ்' எனப்படும் தனி வகையைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து பார்த்தால் ஷோரூமில் நிற்கும் அதே கார்தான். பிரேக், சஸ்பென்ஷன், மின்னாக்கி, எஞ்சினையும் கியர் பெட்டியையும் குளிரவைக்கும் அமைப்புகள், இருக்கைகள் ஆகியவை மட்டும் காவல் பணிக்கென்று மாற்றப்பட்டிருக்கும். அந்நாட்டில் போக்குவரத்துக்கென்று நாடு முழுவதற்கும் ஒரே காவல் படை கிடையாது. எந்தக் காரை வாங்குவது என்பதை அந்தந்த மாநிலமும் நகரமும் தாமே முடிவு செய்கின்றன. அதனால் கார்களைச் சோதிக்கவும் ஒப்பிடவும் பொதுவான முறைகள் அங்கே உருவாகி, அரை நூற்றாண்டாக நடைமுறையில் இருக்கின்றன.

தொடக்க காலம்

ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரம் 1899இல் ஓடவிட்ட மின்சார வண்டியே அந்நாட்டின் முதல் காவல் மோட்டார் வண்டியாகக் கருதப்படுகிறது. பிடிபட்டவர்களை ஏற்றி வருவதற்கான அந்த வண்டி மணிக்கு 16 மைல் வேகத்தில் ஓடியது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் குறைந்த விலையில் வி8 எஞ்சின் காரைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. போலீசார் அதை விரும்பி வாங்கினர். கொள்ளையர்களும் அதையே திருடினர். 1934 மே மாதம் லூசியானாவில் போனி, கிளைட் என்ற கொள்ளையர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஒரு ஃபோர்டு வி8 காருக்குள்தான். காவல் துறைக்கென்றே தொகுக்கப்பட்ட பேக்கேஜை ஃபோர்டு 1950 வாக்கில் விற்கத் தொடங்கியது. 1955இல் செவர்லேயும் 1956இல் டாட்ஜும் அந்தச் சந்தைக்குள் வந்தன.

கலிஃபோர்னியாவின் பிடிவாதம்

1929இல் தொடங்கப்பட்ட கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை, தனக்கு என்ன கார் வேண்டும் என்பதைத் தானே எழுதிக்கொடுத்து வாங்கும் வழக்கத்தை உறுதியாக நிலைநாட்டியது. அதன் ரோந்துக் கார்களுக்கு முன், பின் அச்சுகளுக்கு இடையே 122 அங்குல இடைவெளி இருக்க வேண்டும் என்பது 1960களின் நிபந்தனை. நீளமான கார் வேகத்தில் தடுமாறாது என்பது அதன் கணிப்பு. அந்த அளவுக்குப் பொருந்தும்படி டாட்ஜ் தனியாகக் கார் செய்து கொடுத்தது. ஆண்டுக்கு ஆண்டு டெண்டர் விடப்பட்டதால் டாட்ஜின் இடமும் நிரந்தரமாக இருக்கவில்லை. 1967இல் ஓல்ட்ஸ்மொபைலும் 1970இல் மெர்குரியும் அந்த இடத்தைப் பிடித்தன. இடையில் வந்த 1969ஆம் ஆண்டு டாட்ஜ் பொலாரா சோதனைத் தடத்தில் மணிக்கு 147 மைல் (சுமார் 237 கி.மீ.) வேகத்தை எட்டியது. நான்கு கதவுள்ள அவ்வளவு பெரிய காருக்கு அது அசாத்தியமான வேகம்.

1973இன் எண்ணெய் நெருக்கடியும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. 1980இல் கலிஃபோர்னியா வாங்கிய டாட்ஜ் செயின்ட் ரீஜிஸ், மாநிலத்தின் கடுமையான புகை விதிக்கு ஏற்ற சிறிய எஞ்சினுடன் வந்ததால் மலைச்சாலையில் திணறியது. சாதாரணக் கார்களையே எட்டிப் பிடிக்க முடியாத நிலை. 1982இல் படை 400க்கும் அதிகமான ஃபோர்டு மஸ்டாங் கார்களை வாங்கியது. இரண்டே கதவு, பின்னிருக்கையில் கைதி ஏற்ற இடம் கிடையாது. ஆனால் 5 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட, எடை குறைந்த அந்தக் கார், வேகமாகப் பறப்பவர்களை நிறுத்தும் ஒரே வேலைக்குப் போதுமானதாக இருந்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்ததால் இந்தத் தனிவகை மஸ்டாங் 1993 வரை தயாரிக்கப்பட்டது. ஒரே கார் எல்லா வேலைக்கும் உதவ வேண்டியதில்லை என்பதை நெடுஞ்சாலைப் படைகள் ஏற்றுக்கொண்டது இந்தக் காலத்தில்தான்.

மிச்சிகன் சோதனை

தேர்வு முறையின் இதயம் மிச்சிகனில் இருக்கிறது. அம்மாநிலக் காவல் படை 1970களிலிருந்து ஆண்டுதோறும், வழக்கமாகச் செப்டம்பரில், அடுத்த ஆண்டுக்கான காவல் கார்களைச் சோதித்துவருகிறது. நிறுவனங்கள் தத்தம் கார்களைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. செல்சீ ஊரில் கிறைஸ்லர் அமைத்த சோதனைத் தடத்தில் முடுக்கம், உச்ச வேகம், பிரேக் ஆகியவை அளக்கப்படும். நின்ற நிலையிலிருந்து 60, 80, 100 மைல் வேகத்தை எட்ட எத்தனை நொடி, 14 மைல் தூரத்துக்குள் எட்டக்கூடிய அதிகபட்ச வேகம் எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். பிரேக் சோதனையில் காரை 60 மைல் வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப முழுதாக நிறுத்துகிறார்கள். முதல் தடவை எல்லாக் காரும் நன்றாகத்தான் நிற்கும். சூடேறிய பிறகும் அதே தூரத்தில் நிற்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

பிறகு கிராட்டன் பந்தயத் தடம். ஏற்ற இறக்கமும் குறுகிய வளைவுகளும் நிறைந்த அந்தத் தடத்தில் ஒவ்வொரு காரையும் நான்கு ஓட்டுநர்கள், ஆளுக்கு எட்டுச் சுற்று ஓட்டுகிறார்கள். ஒருவருடைய திறமையோ களைப்போ காரின் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கடைசியில், ரோந்துப் பணியில் இருப்பவர்களே காருக்குள் உட்கார்ந்து இருக்கை, கண்ணாடிகள், பொத்தான்கள், கதவின் அகலம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ரேடியோவையும் ஒயர்களையும் பொருத்துவது எவ்வளவு எளிது என்பதை அந்தப் பணியைச் செய்பவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

மதிப்பெண்ணை விலையோடு சேர்க்கும் விதம்தான் இந்த முறையின் சிறப்பு. குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவதில்லை. சோதனையில் பின்தங்கிய காரின் டெண்டர் விலை, அந்தப் பின்தங்கலுக்கு ஏற்பக் கணக்கில் திருத்தப்படும். அதன் பிறகே விலைகளை ஒப்பிடுகிறார்கள். மலிவான கார் மட்டமான காராக இருந்தால் அதன் மலிவு அங்கேயே கரைந்துவிடும். அரசுக் கொள்முதலில் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு அரிது.

முடிவுகளை அவர்கள் பூட்டிவைப்பதும் இல்லை. முழு அறிக்கையும் வெளியிடப்படுகிறது. பல ஆண்டுகள் மத்திய நீதித் துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதி நிறுவனம் இதற்கு நிதியுதவி செய்து, அறிக்கை நாடெங்கும் போய்ச்சேர வழி செய்தது. சோதனைத் தடமும் பொறியாளர்களும் இல்லாத, பத்துப் பேர்கூடப் பணியில் இல்லாத ஒரு சிற்றூர்க் காவல் நிலையமும் அதே எண்களைப் பார்த்து முடிவெடுக்கலாம். மாநிலம் பேசி முடித்த ஒப்பந்த விலையிலேயே உள்ளாட்சிகள் வாங்கிக்கொள்ளும் வழியும் பல இடங்களில் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் அலுவலகமும் 1970களிலிருந்து இதேபோன்ற சோதனையை நடத்துகிறது. அங்கே நகரத் தெருக்களில் துரத்துவதைப் போன்ற பாதைக்கு முக்கியத்துவம் அதிகம்.

காருக்குள்ளே

ஒரு ரோந்துக் காவலருக்குக் கார்தான் அலுவலகம். ஒரு முழு ஷிஃப்டையும் அவர் அதற்குள்தான் கழிக்கிறார். இடுப்பு பெல்ட்டில் துப்பாக்கி, விலங்கு, ரேடியோ எல்லாம் தொங்குவதால் சாதாரண இருக்கையின் பக்கவாட்டு மேடுகள் அவர் இடுப்பைக் குத்தும். அந்த மேடுகளைச் செதுக்கி எடுத்த இருக்கையைப் பொருத்துகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கத்தியால் குத்தினாலும் துளைக்காத தகடு அதன் முதுகுக்குள் இருக்கும். பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாது. பின்னிருக்கை, கழுவித் துடைக்க வசதியான வினைல். கூரை விளக்கில் வெள்ளையோடு சிவப்பும் உண்டு. இரவில் எழுதும்போது சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டால் வெளி இருட்டுக்குப் பழகிய கண் கூசாது. வேகமானி துல்லியமாகச் சரிபார்க்கப்பட்டது. ஒருவரைப் பின்தொடர்ந்து அவர் வேகத்தைக் குறித்தால், நீதிமன்றத்தில் அந்த எண் நிற்க வேண்டும். கூரையின் மேல் மின்னும் லைட்பார், ரேடார், மடிக்கணினி, முன்னால் முட்டித் தள்ளும் இரும்புச் சட்டம், முன் பின் இருக்கைகளுக்கு நடுவே தடுப்பு எல்லாம் தனிப் பட்டறைகளில் பிறகு பொருத்தப்படுபவை. இவற்றின் எடைக்கும் மின்சாரத் தேவைக்கும் இடம்விட்டே கார் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

கிரவுன் விக்டோரியாவும் தீயும்

1996இல் செவர்லே கப்ரீஸின் உற்பத்தி நின்றது. அதைச் செய்துவந்த டெக்சாஸின் ஆர்லிங்டன் தொழிற்சாலை, லாபம் கூடுதலான எஸ்யூவிகளுக்கு மாறியது. அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அமெரிக்கக் காவல் கார் என்றாலே ஃபோர்டு கிரவுன் விக்டோரியாதான். தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய கட்டுமானம், 4.6 லிட்டர் வி8, பின்சக்கர இயக்கம். நடைமேடை விளிம்பில் ஏறி இறங்கினாலும் தாங்கும். இடித்தால் மறுவாரமே ரிப்பேர் முடித்துச் சாலைக்கு வந்துவிடும். எந்தச் சோதனைத் தடமும் அளக்காத இந்தக் குணத்துக்காகவே காவலர்கள் அதை நேசித்தார்கள்.

அதன் பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் யாரையோ நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கும் ரோந்துக் காரை அதிவேகமாக வரும் வாகனம் பின்னாலிருந்து மோதும்போது தொட்டி கிழிந்து தீப்பிடித்தது. காவலர்கள் சிலர் காருக்குள்ளேயே எரிந்து இறந்தார்கள். அரிசோனா உள்ளிட்ட மாநிலங்களில் கொந்தளிப்பு எழுந்தது. மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமை 2002இல் விசாரணையை முடித்தபோது வடிவமைப்பில் குறைபாடு இருப்பதாக அறிவிக்கவில்லை. எனினும் அதே ஆண்டு ஃபோர்டு தொட்டியைச் சுற்றிப் பாதுகாப்புத் தகடுகளை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தது. பின்னர் தீயணைப்பு அமைப்பையும் விருப்பத் தேர்வாக விற்றது. மணிக்கு 75 மைல் வேகத்தில் பின்மோதல் சோதனை என்பது காவல் கார்களுக்கான புதிய அளவுகோலானது. அதுவரை நடந்த சோதனைகள் ஓடும் காரை நுணுக்கமாக அளந்தன. உயிர் போனதோ நின்ற காரில். அந்த அளவுகோல் பத்தாண்டு முன்பே வந்திருக்க வேண்டும்.

கிரவுன் விக்டோரியாவின் உற்பத்தி 2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் தொழிற்சாலையில் முடிந்தது.

எஸ்யூவிகளின் வரவு

அந்த வெற்றிடத்தை டாட்ஜ் சார்ஜர், ஆஸ்திரேலியாவில் தயாரான செவர்லே கப்ரீஸ், ஃபோர்டு டாரஸ் ஆகியவை நிரப்பும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வென்றதோ ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியின் காவல் வடிவம். காரணம் எளிது. துப்பாக்கிகள், குண்டு துளைக்காத கவசங்கள், முதலுதவிப் பெட்டி, கணினி என்று சுமை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனது. கலிஃபோர்னியா படை 1,500 பவுண்டு (சுமார் 680 கிலோ) சுமைத் திறன் வேண்டும் என்று கேட்டபோது செடான்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கப்ரீஸ் 2017இலும் டாரஸ் 2019இலும், அந்தத் தலைமுறைச் சார்ஜர் 2023 மாடலோடும் விடைபெற்றன.

எக்ஸ்ப்ளோரருக்கும் சோதனை வந்தது. காருக்குள் கார்பன் மோனாக்சைடு புகுவதாகப் புகார் எழுந்து, 2017இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் தன் எக்ஸ்ப்ளோரர் ரோந்துக் கார்களைச் சாலையிலிருந்து விலக்கியது. லைட்பார் போன்றவற்றைப் பொருத்தத் துளையிட்ட இடங்களைச் சரியாக அடைக்காதது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தத் துளைகளை அடைத்துச் சரிசெய்யும் பணியை ஃபோர்டு தன் செலவில் மேற்கொண்டது.

ரோந்துக் காரின் பெரும்பொழுது நின்றபடியேதான் கழிகிறது. விளக்குகளும் ரேடியோவும் கணினியும் ஓட, எஞ்சினை அணைக்க முடிவதில்லை. ஃபோர்டின் கணக்குப்படி எஞ்சின் ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால், 33 மைல் ஓடிய தேய்மானத்துக்குச் சமம். 2020 மாடலில் வந்த ஹைப்ரிட் காவல் எக்ஸ்ப்ளோரர் இந்த விரயத்தைக் குறிவைத்ததுதான். கார் நிற்கும்போது மின்கலமே கருவிகளுக்கு மின்சாரம் தருகிறது; தேவைப்படும்போது மட்டும் எஞ்சின் எழுகிறது. முழு மின்சாரக் கார்களில் மஸ்டாங் மாக்-இ 2021இல் மிச்சிகன் சோதனையில் முதலாவதாகத் தேறியது. ஆனாலும், ஒரு ஷிஃப்ட் முடிந்த கையோடு அதே காரை அடுத்தவர் எடுத்துச் செல்லும் நிலையங்களில் சார்ஜ் ஏற்ற நேரம் கிடைப்பதில்லை.

வண்ணமும் சட்டமும்

கலிஃபோர்னியாவில் போக்குவரத்து விதிகளை அமல்படுத்துவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட காவலர் சீருடையில் இருக்க வேண்டும் என்பதும், அவருடைய கார் தனித்துத் தெரியும் வண்ணத்தில் இருக்க வேண்டும் என்பதும் வாகனச் சட்டத்தின் 40800ஆம் பிரிவு. அதனால்தான் அங்கே கறுப்பு வெள்ளைக் கார்கள். மறைந்திருந்து அபராதம் போடுவதைவிடக் கண்ணில் பட்டு வேகத்தைக் குறைக்க வைப்பது மேல் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அது சரியான எண்ணமும்கூட. மிச்சிகன் படையின் நீல நிறக் கார்களின் கூரையில் இன்றும் ஒற்றைச் சிவப்பு விளக்குதான். எஞ்சின் மூடியின் மேல் துடுப்புப் போல் நிற்கும் பலகையில் 'நில், மாநிலக் காவல்' என்ற எழுத்துகள் ஒளிரும்.

பணி முடிந்த கார்கள்

பல துறைகள் பணிக்காலம் முடிந்த கார்களின் சின்னங்களையும் கருவிகளையும் கழற்றிவிட்டுப் பொது ஏலத்தில் விற்கின்றன. கிரவுன் விக்டோரியாக்கள் பல இவ்வாறு டாக்ஸிகளாக மறுவாழ்வு பெற்றன. அமெரிக்காவில் அப்படியொரு காரை வாங்க நினைப்பவர்கள், மைல் கணக்கோடு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். புதிய காவல் கார்கள் பலவற்றில் அந்தக் கணக்கு டேஷ்போர்டு திரையிலேயே கிடைக்கிறது.