மீண்டும் சிறை செல்லுதல்

தண்டனை முடிந்து வெளியே வந்தவர் புதிய வழக்கில் சிக்கி மறுபடி உள்ளே போவது. இப்படிப்பட்டவரைக் காவல் நிலையத்தில் 'பழைய குற்றவாளி' என்பார்கள், தெருவில் 'கேடி' என்பார்கள். வசையாகவே புழங்கும் இந்தச் சொல், 'நோன் டெப்ரடேட்டர்' (பேர்போன கொள்ளையர்) என்ற பழைய போலீஸ் பதிவேட்டுத் தலைப்பின் இரண்டு ஆங்கில முதலெழுத்துகள்.

திருந்தியவரைத் திரும்பச் சேர்க்கலாமா என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கல்லிலேயே பதில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில் (919, 921) வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளின்படி, பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கு ஊர் வாரியத்தில் இடமில்லை. 'கிராம கண்டகர்', அதாவது ஊருக்கு முள்ளாய் இருந்தவர், பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும் 'பிராணாந்திகம்', உயிருள்ளவரை, அவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விதி விடவில்லை. தேர்தல் முறைக்காகக் கல்வெட்டைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆங்கிலேயர் பிறப்பையே குற்றமாக்கினர். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பட்டியலில் சேர்த்த சமூகத்தாரின் கைரேகை எடுத்தார்கள், பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்த்தார்கள். 1947-இல் மாகாண அரசு அதை நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஏட்டின் அட்டை மாறியது என்றுதான் சொல்ல வேண்டும். சிறைக் கையேடுகளில் 'வழக்கமான குற்றவாளி' என்ற முத்திரை சாதியோடு ஒட்டிக்கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில், சுகன்யா சாந்தா வழக்கில் கண்டித்தது.

எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-இல் விடுதலையானவர்களில் 5 ஆண்டுகளுக்குள் கைதானோர் நூற்றுக்கு 77 பேர். தரவு கிடைத்த 23 மாநிலங்களில் சிறைக்கே திரும்பியோர் 55 பேர்.

தமிழ்நாட்டில் விடுதலையானோர் நலச் சங்கம் பெட்டிக்கடைக்கோ கறவை மாட்டுக்கோ உதவுவதுண்டு. புழல் சிறையிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கம் திரும்பியவர் மாடு வாங்கிக் கட்டலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் மோட்டார் பம்பு காணாமல் போனால் ஸ்டேஷனில் முதலில் புரட்டுவது பழைய ஏட்டைத்தான். அன்றைக்குக் கறக்க ஆளிருக்காது.