நோவுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டு

பொக்குளிப்பான் வந்தால் எங்கட வீடுகளில் டொக்டரிட்டப் போகமுதலே சில காரியங்கள் நடந்துவிடும். வாசலில் வேப்பிலை செருகுவினம். பொரியல், தாளிதம் நிண்டுபோகும். வருத்தம் எண்டு சொல்லமாட்டினம். ‘அம்மாள் வந்திருக்கிறா’ எண்டுதான் கதை. விளக்கு வைச்ச பிறகு அம்மம்மாவோ பெரியம்மாவோ பாய்க்குப் பக்கத்தில் இருந்து மாரியம்மன் தாலாட்டுப் படிப்பா. எங்களில் ஒருத்திக்கு ஏழாம் வகுப்பில் அது வந்தது. பாட்டாலை கடி குறைஞ்சதோ எண்டு கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவாள். ஆனால் படிச்சு முடியுமட்டும் சொறியாமல் கிடந்தாளாம்.

அந்தத் தாலாட்டில் ஒரு புதினம் இருக்கு. தாலாட்டு எண்டால் பிள்ளைக்குப் பாடுறது. இது பிள்ளைக்கில்லை, அம்மாளுக்கு. முத்துப் போட்டவளையே நித்திரையாக்கி, போட்ட முத்தை இறக்கச் சொல்லிப் பாடுறது. படுத்துக்கிடக்கிற பிள்ளை பக்கத்தில் இருந்து அதைக் கேட்குது. பெரியம்மை உலகத்தில் ஒழிஞ்சுபோச்சு எண்டு உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவிச்சுது. அதுக்குப் பிறகும் தாலாட்டு சின்ன அம்மாளுக்காக வீடுகளில் நிண்டுது. மட்டக்களப்புப் பக்கத்தில் வைகாசி மாதக் கண்ணகி அம்மன் சடங்கில் குளுத்தி பாடுறதும் இதுக்குச் சொந்தக்காரிதான். அங்கேயும் பாட்டின்ர வேலை குளிரச் செய்யிறது.

இதை ஏன் இப்ப எழுதுறம்? நோவைத் தணிக்க இசை எப்பிடி உதவுது எண்டு ஆராய, இளம் ஆராய்ச்சியாளருக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் வெளிநாடுகளில் நடக்குது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் கென்னடி கலை நிலையத்தோட சேர்ந்து 2017இல் ‘சவுண்ட் ஹெல்த்’ எண்ட திட்டத்தைத் தொடங்கி, 2019இல் இசையும் உடல்நலமும் பற்றின ஆய்வுகளுக்கு ஐந்து வருடத்துக்கு 2 கோடி டொலர் அறிவிச்சுது. அப்பிடி ஒரு பயிற்சி நாளைக்கு யாழ்ப்பாணத்தில் நடந்தால், மருத்துவபீடத்தார் 0 தொடக்கம் 10 வரை நோவை அளக்கிற அளவுகோலோட வருவினம். கலைப்பீடத்து ஆக்கள் நாங்கள் என்னத்தைக் கொண்டுபோறது?

முதலில் ஒரு பழைய பாட்டைக் கொண்டுபோகலாம். புறநானூறு 281, அரிசில் கிழார் பாடினது. போரில் காயப்பட்ட ஒருவன் வீட்டில் கிடக்கிறான். மனைவி தோழியைக் கூப்பிடுறாள். இரவ இலையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகுவம், யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்கட்டும், மெதுவாக மை பூசுவம், வெண்சிறுகடுகு தூவுவம், ஆம்பல் குழல் ஊதுவம், மணி அடிப்பம், காஞ்சி பாடுவம், வீடு முழுக்க நறும்புகை போடுவம், வா, அவன்ர புண்ணைக் காப்பம் எண்டுறாள். 296ஆம் பாட்டில் இது ஒரு வீட்டுக் கதையாகக் கூட இல்லை. ஊரில் எல்லா வீட்டிலும் வேப்பங்கிளை ஒடிக்கிற, காஞ்சி பாடுற, நெய் பூசின கையோட கடுகு புகைக்கிற ஆரவாரம். ஒரு வீட்டுக்காரன் மட்டும் இன்னும் களத்தால திரும்பேல்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம், மலையில் கேட்கிற சத்தங்களை அடுக்கிக்கொண்டு போகேக்க, புலி பாய்ஞ்சதால் கணவனின் மார்பில் வந்த புண் ஆறட்டும் எண்டு கொடிச்சியர் பாடுற பாட்டையும் ஒரு சத்தமாகச் சேர்க்குது.

இந்த இடத்தில் ‘பார்த்தீங்களோ, எங்கட முன்னோருக்கு அப்பவே இசைச் சிகிச்சை தெரியும்’ எண்டு எழுத நல்ல ஆசைதான். வட்சப்பில் இந்த இராகம் தலையிடிக்கு, அந்த இராகம் இரத்த அழுத்தத்துக்கு எண்டு பட்டியல் வருதே, அதோட இதையும் ஒட்டிவிடலாம். எங்கட ஊர்ப் பேரிலேயே யாழ் இருக்கு, இன்னும் வசதி. ஆனால் பாட்டை ஆறுதலாக வாசிச்சால் அது வேறை விசயம் சொல்லுது. 281இல் வாற சொல் ‘காக்கம்’, மலைபடுகடாத்தில் ‘காப்பு’. மாற்றுறது இல்லை, காக்கிறது. காயப்பட்டவனைப் பேய் தீண்டாமல் காவல் இருக்கிறது எண்டுதான் உரைகாரர் இதுக்கு விளக்கம் சொல்லுவினம். பாட்டு தனியாகவும் வரேல்லை. இலை, புகை, மை பூசுற கை, கூட இருக்கிற தோழி எல்லாம் ஒரே கட்டாக வருது. பாடுறது முழுக்கப் பெண்கள். அந்தப் பெண்கள் ஒருத்தருக்கும் பேர் இல்லை. அம்மம்மா படிக்கேக்கயும் அதே வேப்பிலை, அதே காவல். இடையில் கிடக்கிற காலத்தை நேர்கோடு போட்டு இணைக்க எங்களால ஏலாது, ஆனால் கட்டு ஒரே மாதிரி இருக்கு.

அந்தக் கட்டைப் பிரிச்சது ஆசுப்பத்திரி. குறை சொல்லேல்லை. 1846 ஒக்டோபர் 16இல் பொஸ்ரனில் ஈதர் குடுத்து நோத் தெரியாமல் சத்திரசிகிச்சை செய்து காட்டிச்சினம். அடுத்த வருடமே அதே மசாசுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் படிப்பிச்சு, ‘இரண வைத்தியம்’ எண்ட அறுவை நூலை 1867இல் தமிழில் கொண்டுவந்தார். கத்தி படேக்க ஈதர் செய்யிறதை எந்தக் காஞ்சியும் செய்யாது. அதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பிறகு பாட்டு ஆசுப்பத்திரிக்குள்ள திரும்பி வந்தது, ஆனால் ஆள் இல்லாமல், மெசினாக. 1914இல் இவான் கேன் எண்ட அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் தன்ர சத்திரகூடத்தில் கிராமபோன் வைச்சதைப் பற்றி மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். 1960இல் வாலஸ் கார்ட்னர் எண்ட பல் வைத்தியரும் லிக்லைடர் எண்ட உளவியலாளரும் ஒரு கருவியைப் பற்றி எழுதிச்சினம். (இந்த லிக்லைடர்தான் பிறகு இணையம் உருவாக வழி போட்ட ஆக்களில் ஒராள்.) நோயாளியின் காதில் கேள்கருவி, கையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. பாட்டும், நீர்வீழ்ச்சி மாதிரி ஒரு இரைச்சலும் கேட்கும். கனபேருக்கு ஊசி போடாமலே பல் வேலை நடந்தது எண்டிச்சினம். கொஞ்சக் காலம் அது பெரிய மோஸ்தர்.

1963இல் றொனால்ட் மெல்சாக் எண்ட உளவியலாளர் தன்ர கூட்டாளிகளோட அதைச் சோதிச்சுப் பார்த்தார். வெறும் சத்தம் நோவைத் தாங்க உதவேல்லை. ‘இது உதவும்’ எண்ட வார்த்தை மட்டும் குடுத்தும் சரிவரேல்லை. சத்தமும் வார்த்தையும் சேர்ந்த இடத்தில்தான் ஆக்கள் கூட நேரம் தாங்கிச்சினம். எங்களுக்கு இந்தச் சின்னப் பரிசோதனை 281ஆம் பாட்டுக்கு எழுதின உரை மாதிரித் தெரியுது. இரண்டு வருடம் கழிச்சு, 1965இல், அவரும் பற்றிக் வோலும் சேர்ந்து சொன்னதுதான் வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு: நோ முள்ளந்தண்டு வழியாக மேல போகேக்க நடுவில் ஒரு கதவு இருக்கு, மற்ற உணர்வுகளும் மூளையால வாற செய்திகளும் அதைச் சாத்தலாம். முழங்கால் அடிபட்டவுடன கையால் தேய்க்கிறமே, அதுவும் கதவு சாத்துற வேலைதான்.

இண்டைய கணக்கு இன்னும் நிதானம். 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, 10 புள்ளி அளவுகோலில் இசையால் குறையிற நோ அரைப் புள்ளி அளவுதான் எண்டுது. 2015இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் 73 ஆய்வுகளை வைச்சு வந்த மீளாய்வு, சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோவும் பதட்டமும் குறையுது, நோ மருந்தும் குறையத் தேவைப்படுது எண்டுது. எந்தப் பாட்டு எண்டது பெரிசாக வித்தியாசம் காட்டேல்லையாம். இராகப் பட்டியல்காரருக்கு இது கெட்ட செய்தி.

அரைப் புள்ளி சின்னன் எண்டு தள்ளவும் மனமில்லை, அதையே மருந்தெண்டு சொல்லவும் பயம். எங்கட ஊர் அந்த வித்தியாசத்தைப் பட்டறிஞ்ச ஊர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள்ள மருந்தும் மின்சாரமும் இல்லாமல் இருந்ததை அம்மா அப்பாமார் சொல்லேக்க, சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோப் பாட்டுக் கேட்டதைத்தான் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினம். மருந்துக்கு அலைஞ்ச கதை கேட்டால்தான் வரும், அதுவும் சிரிப்பில்லாமல். அந்தப் பாட்டு அவையளைத் தாங்கினது உண்மை. அது மருந்து இல்லாமல் போனதுக்கு ஈடு இல்லை எண்டதும் உண்மை. அந்தக் காலத்து நோவில் பாதி உடம்பில் தெரிஞ்சாலும் உடம்பில் தொடங்கினதில்லை. உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் ‘மனவடு’ அந்த ஆண்டுகளில் வந்த புத்தகம். மனசில் பட்டது தலையிடியாகவும் உடம்பு நோவாகவும் ஆசுப்பத்திரிக்கு வாறதை அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அந்த நோவை 10க்கு எத்தினை எண்டு கேட்டு அளக்கிறது கஷ்டம்.

எங்கட பேச்சில் ‘வலி’யை விட ‘நோ’தான் வாயில் வரும். ‘வருத்தம்’ எண்டால் நோய். தமிழ்நாட்டுக்காரருக்கு அது கவலை. எங்க நோகுது எண்டு கேட்கிற ஆள் எந்தச் சொல்லால் கேட்குது எண்டதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடமாக இருக்கவேணும் எண்டு நினைக்கிறம்.

இப்போதைக்கு நாங்கள் செய்யப்போறது சின்ன வேலை. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா மாரியம்மன் தாலாட்டைப் புத்தகம் இல்லாமலே படிப்பா. வாற வைகாசிக்கு முதல் அதை ஒலிப்பதிவு செய்யப்போறம். பாட்டை மட்டும் எடுத்தால் காணாது. எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு எடுக்கிறா, எந்த இடத்தில் வேப்பிலையால் தடவுறா, எந்த இடத்தில் தண்ணி வேணுமோ எண்டு கேட்கிறா எண்டதையும் பக்கத்தில் ஒராள் இருந்து எழுதவேணும்.