சேம அச்சு

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகரின் ‘சேம அச்சு’க்கு ஒப்பிடுகிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக உமணர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் உபரி அச்சு அது.

அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. அதற்குத் தெற்கே, துறைமுகம் ஏதுமற்ற சேலம், நாமக்கல் சமவெளியில், உமணரின் இடத்தில் இன்று லாரிகள். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் பெயர்பெற்றவை. நாமக்கல் முட்டை நாள்தோறும் கேரளம் செல்கிறது.

தொழில்நுட்பம் இவ்வழியைச் சுருக்கியிருப்பது உண்மை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. 2018இல் இ-வே பில் வந்தது. 2021இல் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. ஜி.பி.எஸ். கருவி லாரி நிற்குமிடத்தை உரிமையாளருக்குச் சொல்லிவிடுகிறது.

இவையெல்லாம் விரைவுக்கான ஏற்பாடுகள். உமணர் திட்டமிட்டதோ முறிவுக்காக. தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றிருந்த விதி 2018இல் தளர்த்தப்பட்டது. ஸ்டெப்னி இல்லாமல் லாரி கிளம்புவதில்லை. இரவெல்லாம் விழித்து ஓட்டுபவருக்கு மாற்று ஆள் கட்டாயமில்லை. சேமம் என்பதை நாம் வண்டியோடு நிறுத்திக்கொண்டோம். ஓட்டுபவர்வரை அது எட்டவில்லை.